கால் அங்குலம் தள்ளி விழுந்த சிவப்பு

கிளிஃப் டன்னுக்கு ஒரு வேலையும் தெரியாது. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொன்னவை வேறு. அவை பின்னால் வரும்.

மீன் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு காலத்தில் தொப்பித் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் நாங்கள் இருந்தோம். நானும் என் மனைவி பெர்னிஸும் மூன்றாம் மாடி. அவன் நான்காம் மாடி. சட்டப்படி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. ஆகவே காலையில் எழுந்ததும் கட்டிலைச் சுவரோடு மடக்கி நிறுத்திவிடுவோம். தீயணைப்புத் துறை அதிகாரி வந்து கேட்டால், இங்கே வேலை மட்டும்தான் செய்கிறோம் என்போம். கிளிஃப் விஷயத்தில் அது பச்சைப் பொய்.

என் பெயர் லெஸ்டர் வோய்ச்சிக். கனால் தெருவில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவன். பீர் விளம்பர அட்டை, மருந்துக்கடை ஜன்னலில் நின்று இருமல் மருந்துக்காக வருஷம் முழுக்க இருமிக்கொண்டிருக்கும் அட்டைக் குடும்பம், இதெல்லாம் என் கைவேலை. மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, சாயத்தை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. நிறத்துக்கு ஒரு சட்டம். ஐந்து நிறம் என்றால் ஐந்து முறை இழுக்க வேண்டும். ஐந்தும் ஒன்றன் விளிம்பில் ஒன்று போய் உட்கார வேண்டும். என் அட்டைகளில் ஒருத்தியின் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அறுபத்தொன்றாம் வருஷத்தில் ஊரில் காற்று மாறியது. அதுவரை இந்த நகரத்து ஓவியர்கள் பல்வலிக்காரர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கித்தானில் சாயத்தை வீசி, அதற்கு 'எண் பதினேழு' என்று பெயர் வைத்து, சாராயக் கடையில் ஆன்மாவைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஆன்மா போய் மளிகைச் சாமான் வந்துவிட்டது. பத்திரிகைகள் இதைப் பாப் கலை என்றன. வார்ஹோல் சூப் டப்பாவை எடுத்துக்கொண்டார். லிக்டன்ஸ்டைன் காமிக்ஸை எடுத்துக்கொண்டார். ஓல்டன்பர்க் ஹாம்பர்கரை எடுத்துக்கொண்டார். ஒருவர் எடுத்துக்கொண்ட சாமானை இன்னொருவர் தொடுவது மரியாதை இல்லை என்று ஆகிப்போனது. பின்னால் வந்த எங்களைப் போன்றவர்கள் கடைத்தெருவில் மிச்சம் மீதி என்ன இருக்கிறது என்று கூடையோடு அலைந்தோம். ஒருவன் பல் குச்சியைப் பிடித்தான். இன்னொருவன் நாய் பிஸ்கட் தனக்குத்தான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தான். நான் மின்சார இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஆறடி உயரம், ஏழு நிறம். தூசி தட்டினால் சுடும் போல இருக்கும்.

கிளிஃப் அப்போது நெப்ராஸ்காவிலிருந்து வந்து ஒரு வருஷமாகியிருந்தது. செருப்புக் கடை ஜன்னலை அலங்கரித்துக்கொண்டிருந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்னிடம் வந்து, ஸ்கிரீன் பிரிண்டிங் எப்படி என்று சொல்லித் தரச் சொன்னான். சொல்லித் தந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தர்மம் அது. அதற்கே இந்தப் பலன். அவன் ஒரு பத்திரிகை விளம்பரத்திலிருந்து, அழகு நிலையத்தில் முடி உலர்த்தும் இயந்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை வெட்டியெடுத்து, அவளையே நாற்பது தடவை வரிசையாக அச்சடித்தான். நாற்பதிலும் சிவப்பு கால் அங்குலம் தள்ளி விழுந்தது. உதடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. உதடோ கன்னத்தில் இருந்தது. அந்த நாற்பது பெண்களும் கண்ணாடி இல்லாமல், ஓடும் ரயிலில் சாயம் பூசிக்கொண்டவர்கள் மாதிரி இருந்தார்கள். தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் செய் என்றேன். சோம்பலாக இருக்கிறது என்றான்.

அந்த வாரம்தான் ஒட்டிலி ஹார்ட்மன் வந்தாள். எழுபத்தெட்டாம் தெருவில் அவளுக்குச் சொந்தமாக ஒரு கலைக்கூடம். வியன்னாவில் பிறந்தவள். அவள் ஒரு படத்தின் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் அந்தப் படம் விற்றுப்போகும் என்பார்கள். நான் ஆறு மாதம் கடிதம் எழுதிய பிறகு, என் இஸ்திரிப் பெட்டியைப் பார்க்கத்தான் வந்தாள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் படத்தைப் பார்க்க வந்தவள். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது; முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். எங்கள் மாடிக் கழிப்பறை நான்கு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது. மேலே போகச் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்தும் இறங்கி வரவில்லை. நான் ஏறிப் போனபோது, மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாற்பது பெண்களின் முன்னால் நின்றிருந்தாள்.

"இந்தப் பொண்ணோட உதட்டுக்கு என்ன ஆச்சு?" என்று கிளிஃபைக் கேட்டாள்.

"தெரியல," என்றான் கிளிஃப்.

அந்த ஒரு வார்த்தைதான். அவள் அதை ஊரெல்லாம் எடுத்துப் போனாள். ஒரு வாரப் பத்திரிகையின் விமர்சகர், போருக்குப் பிந்தைய அமெரிக்கா பேசிய முதல் நேர்மையான சொல் அது என்று இரண்டு பத்தி எழுதினார். கன்னத்தில் கிடந்த உதடு நுகர்வுக் காலத்தின் காயமாம். அன்று ஒட்டிலி இறங்கி வந்து என் இஸ்திரிப் பெட்டியையும் பார்த்தாள். மரியாதைக்காரி. மூக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு லெஸ்டர். அதான் சிக்கல்," என்றாள்.

கிளிஃபின் முதல் கண்காட்சியில் எல்லாம் விற்றது. அவன் கறுப்புக் கண்ணாடி வாங்கினான். படிக்கட்டில் இருட்டு, கறுப்புக் கண்ணாடியோடு இறங்கும்போது கைப்பிடியைத் தடவித் தடவி வருவான். நான் கதவிடுக்கில் நின்று, இன்று விழுவான், நாளை விழுவான் என்று பார்ப்பேன். பெர்னிஸ் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தாள். மனிதர்கள் எதை மறைக்கிறார்கள் என்பது குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு காலை என்னைக் கதவருகே பார்த்துவிட்டு, "அவன் கீழே போய்ச் சேர்ந்துட்டான். நீ வந்து முட்டையைச் சாப்பிடு," என்றாள்.

வசந்தத்தில் ஒட்டிலி என்னைக் காபிக்கு அழைத்து ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். அக்டோபரில் கிளிஃபின் இரண்டாவது கண்காட்சி. அது எடுபட்டால் அவனோடு நிற்பாள். எடுபடவில்லை என்றால் ஜனவரி மாதம் காலி. அந்த ஜனவரியை எனக்குத் தருவாள். ஆனால் ஒரு யோசனை: என் படங்களில் கொஞ்சம் தவறு இருந்தால் நன்றாக இருக்கும்.

எனக்கு நாற்பத்தொரு வயது. என் படம் எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை, இருமல் குடும்பத்தைத் தவிர. அந்த ஜனவரி எனக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தவறு செய்ய உட்கார்ந்தேன். அடிக்கோலை வைத்துக் கால் அங்குலம் அளந்து, பென்சிலால் குறித்து, சிவப்பைத் தள்ளி இழுத்தேன். பன்னிரண்டு பிரதி. பன்னிரண்டிலும் சிவப்பு துல்லியமாகக் கால் அங்குலம் தள்ளி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. இடது கையால் இழுத்தேன். அதுவும் அப்படித்தான். இரண்டு கோப்பை ஜின் குடித்துவிட்டு இழுத்ததுதான் இருப்பதிலேயே சுத்தமாக வந்தது.

பெர்னிஸ் வேலையிலிருந்து திரும்பி, கோட்டைக் கழற்றாமலே பன்னிரண்டையும் பார்த்தாள். "இது தப்பு மாதிரி இல்ல. தப்பு எப்படிப் பண்ணணும்னு போட்ட பிளான் மாதிரி இருக்கு," என்றாள்.

மேல்மாடியில் ஒருவன் தவறுவதற்குக் கூட மெனக்கெடாமல் தவறிக்கொண்டிருந்தான். ஒருவனுடைய திறமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர். திறமையில்லாமையைப் பார்த்து வெந்தவன் என்னைத் தவிர எவனாவது இருப்பானா என்று தெரியவில்லை. அதிலும் ஒரு தனிப் பெருமை எனக்கு.

ஆகஸ்டில் கிளிஃப் கீழே இறங்கி வந்தான். இருபத்துநான்கு பெரிய கித்தான் கேட்கிறாளாம் ஒட்டிலி. தனியாக முடியாது. எல்லாரும் இப்போது ஆள் வைத்துத்தான் செய்கிறார்கள். அவனுக்கு நான் இருக்கிறேனே.

"உன் கை வேணும்டா லெஸ். என்னால இவ்வளவும் முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதுதான் அழகு. அவன் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிட்டேன். அவன் கால் அடுத்த படியைத் தொடும்போதே என் திட்டம் தயாராகிவிட்டது. சாயத்தில் தண்ணீர் ஊற்றுவது, கித்தானைக் கிழிப்பது போன்ற அற்பமான காரியம் ஒன்றுமில்லை. அவன் கேட்டபடியே செய்து கொடுப்பேன். ஆனால் சுத்தமாகச் செய்வேன். ஒரு மயிரிழை தள்ளாமல். உதடு உதட்டில், கன்னம் கன்னத்தில். அவனுடைய சரக்கே அந்தக் கால் அங்குலம்தான். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது மருந்துக்கடை அட்டை. கிளிஃபைப் பேட்டி காண வந்தபோது என் இஸ்திரிப் பெட்டியையும் பார்த்துவிட்டு, அதைக் 'கடைத்தெருவிலிருந்து வழி தவறி வந்துவிட்ட விளம்பரப் பலகை' என்று எழுதிய அதே விமர்சகர் இதையும் பார்ப்பார். பிறகு ஜனவரி.

அவன் மாடியில் இரண்டு மாதம் வேலை செய்தேன். அவ்வளவு ஆசையாக நான் எதையும் செய்ததில்லை. கனால் தெரு முதலாளி பதினான்கு வருஷம் கத்தியும் என்னிடமிருந்து வாங்க முடியாத வேலையை வயிற்றெரிச்சல் வாங்கிவிட்டது. அதே பெண், வரிசை வரிசையாக: முடிக்கு மஞ்சள், இயந்திரத்துக்கு வெள்ளி, உதட்டுக்குச் சிவப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் அவன் சவப்பெட்டிக்கு ஓர் ஆணி. கிளிஃப் சோபாவில் படுத்து, முட்டை சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு, சினிமாப் பத்திரிகை படிப்பான். இல்லாவிட்டால் டெலிபோனில் யாருக்கோ, தெரியல, தெரியல என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு தடவை எழுந்து வந்து, காய்ந்துகொண்டிருந்த முதல் கித்தானின் முன்னால் வெகு நேரம் நின்றான்.

"சுத்தமா இருக்கே," என்றான்.

"நீ குடுத்த படந்தானே."

"ம்," என்றுவிட்டு டெலிபோன் அடித்ததும் போய்விட்டான். மடையன், கண் எதிரே குழி வெட்டுகிறேன், எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் கண்காட்சி தொடங்கிய மாலை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். வெள்ளைச் சுவரில் இருபத்துநான்கு கித்தானும் கண்ணைப் பறித்தன. நூறு பேருக்கு மேல் கூட்டம். பிளாஸ்டிக் கோப்பையில் மலிவு ஒயினை ஏந்திக்கொண்டு படங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். படத்தைப் பார்த்தவர்கள் பேசவில்லை. முதல் கால் மணி நேரம் அந்த மௌனம் எனக்குத் தேனாக இருந்தது. விமர்சகர் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மெதுவாக நடந்தார். மூக்கைக் கித்தானில் ஒட்டிப் பார்த்தார். ஒட்டிலியின் முகம் வெளுத்திருந்தது. கிளிஃப் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றான்.

விமர்சகர் திரும்பினார்.

"கையே இல்ல," என்றார். "இதுல மனுஷனே இல்ல. போன வருஷம் அந்த உதடு தள்ளியிருந்ததுல இன்னும் ஒரு பழைய சோகம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இப்ப அதையும் துடைச்சுட்டான். எவ்வளவு நிம்மதி."

அறை முழுவதும் அந்த நிம்மதி பரவியது. தங்களுக்கும் போன வருஷமே அந்தச் சோகம் உறுத்தியது என்று இரண்டு பேர் என் காது படச் சொன்னார்கள். நியூ ஜெர்சியில் குளியலறை ஓடு விற்றுப் பெரிய ஆளான சிட்னி க்ரோட்ஸ்கி கையைத் தூக்கினார். ஒட்டிலியின் உதவிப் பெண் ஓடிப்போய் அவர் காட்டிய படத்தின் பக்கத்தில், விற்றாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டினாள். பிறகு இன்னொன்று. பிறகு மளமளவென்று சுவருக்கு அம்மை போட்டாற்போல.

என் இஸ்திரிப் பெட்டியில் இருந்ததும் அதே கைதான். அங்கே அது விளம்பரப் பலகை, இங்கே நிம்மதி. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். வைத்ததாக ஞாபகம், விழுந்தது என்கிறாள் பெர்னிஸ்.

"இதெல்லாம் நான் பண்ணினது," என்றேன். "இருபத்துநாலும் என் கை. அவன் இதுல ஒண்ணைக்கூடத் தொடல. சோபாவுல படுத்துச் சாண்ட்விச் தின்னுட்டிருந்தான்."

 நூறு தலைகள் என் பக்கம் திரும்பி, அப்படியே கிளிஃப் பக்கம் திரும்பின. க்ரோட்ஸ்கி அவனருகே போனார். ஏமாந்த வியாபாரி எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"நிஜமாவா? நீங்க தொடவே இல்லையா?"

கிளிஃப் கொஞ்சம் யோசித்தான். "இல்ல," என்றான். "ஒரு தடவ எழுந்து போய்ப் பார்த்தேன்."

"பாத்தாராம்," என்று ஒரு பெண் மூச்சை உள்ளிழுத்தாள்.

யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். தொடவே இல்லையாம் என்ற சொல் வாசல் வரை போய், கோட்டு மாட்டும் இடத்தில் நின்றவர்களைத் தொட்டு, திரும்பி வந்தது. க்ரோட்ஸ்கி இன்னும் இரண்டு படம் வாங்கினார். தானும் இருபது வருஷமாக தான் விற்கும் ஓடு ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை, ஆனால் இதுவரை யாரும் அதைப் புரிந்துகொண்டதில்லை என்று தழுதழுத்தார். விமர்சகர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு, பெயர் இருந்தால் கருத்து கெட்டுவிடும் என்று அதை அடித்துவிட்டார்.

வெளியே வரும்போது பெர்னிஸ் தன் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நீ அவனைத் திட்டினியா, வித்துக் குடுத்தியா?"

மறுநாள் காலை ஒட்டிலியிடம் போய் ஜனவரியைக் கேட்டேன். வெட்கம் இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். அவள் எனக்குக் காபி ஊற்றினாள், உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"கிளிஃப் ஜெயிச்சதுக்காகச் சொல்லல லெஸ்டர். உங்களுக்கு எப்படியாவது ஒரு சுவர் தேடித் தரணும்னுதான் இருந்தேன். ஆனா அத்தனை பேர் முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்களே, எல்லாம் என் கைன்னு. கையால பண்றவர்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே உங்களை நான் எப்படி மாட்டுவேன்?"

கிளிஃபின் படங்கள் ஆர்டருக்கே போதாது என்று, ஜனவரியை ஒரு கனெக்டிகட்காரருக்குக் கொடுத்திருந்தாள். அவர் தன் படங்களைத் தொழிற்சாலைக்கு டெலிபோனில் சொல்லிச் செய்விப்பவராம். முடிந்தபின் பார்ப்பதுகூட இல்லையாம்.

திங்கட்கிழமை கிளிஃபிடம், இனி என் கை உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வருவதற்காக நான்காம் மாடிக்கு ஏறினேன். கதவு திறந்திருந்தது. நான் வேலை செய்த மேஜையருகே ஒரு பெண்மணி நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கையைச் சுருட்டிவிட்ட ஆண் சட்டை, தலையில் கைக்குட்டைக் கட்டு. என் ரப்பர் பட்டையைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிஃப் சோபாவிலிருந்து அறிமுகம் செய்துவைத்தான்: கொன்செட்டா வக்காரோ, கோனி ஐலண்டில் பேஸ்பால் கொடி அச்சடிக்கும் கடையில் இருபத்திரண்டு வருஷம். இன்னும் முப்பது கித்தானுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நான் வருவேனோ மாட்டேனோ என்றுதான் கூப்பிட்டானாம்.

"நான் வரமாட்டேன்னு ஏன் நெனச்ச?" என்றேன்.

"என்னைக் கவுக்கத்தானே அவ்வளவு சுத்தமாப் பண்ணின. அதான் நான் கவுழலையே, இனிமே என்னத்துக்கு வரப்போறன்னு நெனச்சேன்."

"உனக்குத் தெரியுமா?"

"மொத கித்தானைப் பாத்தப்பவே. எனக்கு நல்லது பண்ண நீ இவ்வளவு மெனக்கெட மாட்டடா, லெஸ்." கோபமாகச் சொல்லவில்லை. டெலிபோன் அடித்தது, எடுக்கப் போனான்.

நான் திரும்பியிருக்க வேண்டும். கொன்செட்டா அதற்குள் சுவரோரம் நின்றிருந்த கித்தானை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கண்காட்சிக்கு இடம் போதாமல் மிஞ்சிய இருபத்தைந்தாவது அது. சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக் கண்ணாடியை எடுத்து, குனிந்து, முதல் வரிசையில் மூன்றாவது பெண்ணிடம் நிறுத்தினாள்.

"இது யாரு இழுத்தது?"

நான் என்றேன்.

"மஞ்சள் தள்ளியிருக்கு. மயிரிழை."

எட்டு மாதமாக நான் தவம் கிடந்தது இந்த வார்த்தைக்காகத்தான். என்னிடம் ஒரு தவறு இருக்கிறது என்று தொழில் தெரிந்த ஒருத்தி சாட்சி சொல்கிறாள். அந்தக் கித்தானைத் தலையில் தூக்கிக்கொண்டு எழுபத்தெட்டாம் தெருவுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

"அது கித்தானோட இழை," என்றேன்.

"இழையா?" அவள் பூதக் கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். குனிந்து பார்த்தேன். மஞ்சள் அந்தப் பெண்ணின் காதோரத்தில் கோட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றேன். சாயம் காயும்போது பரவியிருக்கும் என்றேன்.  அவள், கறுப்புக் கோடு மட்டும் அச்சாகியிருந்த ஒரு புதுக் கித்தானை மேஜையில் விரித்து, சட்டத்தை வைத்து, சிவப்பை ஊற்றி, ஒரே இழுப்பு. அளக்கவில்லை. குறிக்கவில்லை. சட்டத்தைத் தூக்கியபோது, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போல உதட்டில் உதடு இருந்தது.

கிளிஃபைப் பார்த்து வெந்ததெல்லாம் வெறும் இளஞ்சூடு, தீ இதுதான் என்று அப்போது புரிந்தது.

மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேஜையின் மறுபக்கம் போய் நின்றேன்.

"சரி, மஞ்சளை நான் இழுக்கறேன்," என்றேன்.

அவள் மஞ்சள் டப்பாவை என் பக்கத்திலிருந்து தன் பக்கத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"வெள்ளியை எடுத்துக்குங்க," என்றாள். "மஞ்சளை உங்ககிட்ட விடறதா இல்ல."